கலுங்கே இல்லாத கலுங்கடி: பழைய டோப்போ ஷீட்டில் எங்கள் ஊர்

கலுங்கடிக்காரன் | ஞாயிறு, காலை 10.12

எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு அடுத்த நிறுத்தத்தின் பெயர் கலுங்கடி. கண்டக்டர் சொல்வதும் அதுதான், கல்யாணப் பத்திரிகையில் அச்சாவதும் அதுதான். கண்மாய் நிறைந்தபின் மிஞ்சுகிற தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போகக் கல்லால் கட்டுவது கலுங்கு. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் கலுங்கடியில் கலுங்கு இல்லை. கண்மாயும் இல்லை. ஒரு டீக்கடை, ஓர் உரக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை. எனக்கு நாற்பத்து மூன்று வயது. அங்கே பஸ் ஏறிய நாட்களில் ஒருநாளும் ஏன் இந்தப் பெயர் என்று தோன்றியதில்லை.

சென்ற வாரம் மதுரையில் பழைய காகிதத்தை எடைக்கு வாங்கும் கடை ஒன்றில் ஒரு டோப்போ ஷீட் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் தலப்படம் என்று படித்தோமே, அதுதான். பின்பக்கம் துணி ஒட்டி, மடிக்கிற இடங்களில் துண்டாக வெட்டிய படம். மூலையில் 58 ஜே/8 என்று எண். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். அளவை நடந்த ஆண்டை அச்சிட்டிருந்த ஓரத்தை எலி தின்றுவிட்டது. மேலூர் படத்தின் அடியில், கீழ் விளிம்புக்கு இரண்டு அங்குலம் சொச்சம் மேலே இருக்கிறது. எங்கள் ஊர் அதற்கு வடகிழக்கே. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று அடுத்த பத்தியில் புரியும்.

கலுங்கடி இருக்கும் இடத்தில் படத்தில் ஒரு குளம் இருக்கிறது. கரை வில்லாக வளைந்திருக்கிறது, கரைமேல் பனைமரக் குறிகள். ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் ஒட்டிப் பார்த்தேன். தலை சுற்றியது. பஸ் நிலையத்தில் பாதி, கடைவீதி முழுவதும், அதற்குக் கிழக்கே நாற்பது வீடுகள், ஒரு கல்யாண மண்டபம், எல்லாம் குளத்துக்குள் கிடக்கின்றன. ஐப்பசியில் பஸ் நிலையத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா? குளத்தைத் தின்றுவிட்டார்கள். அந்த நாற்பது வீடும் யாருடையவை என்று நாளைக்குப் பட்டியல் போடுகிறேன்.

பொறுப்பாளர் | ஞாயிறு, காலை 10.40

பட்டியல் வேண்டாம். ஆள் பெயர், சர்வே எண், வீட்டுப் படம் எதுவும் இந்த இழையில் வரக்கூடாது. குளத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்.

வெயிலான் | ஞாயிறு, காலை 11.05

மேலூருக்கு வடகிழக்கே, கலுங்கடி என்று ஒரு நிறுத்தம், ஐப்பசியில் முழங்கால் தண்ணீர். ஊர்ப் பெயரைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்திருக்கிறீர்கள் அண்ணே. என் சித்தி அந்த ஊர்தான். கல்யாண மண்டபத்தில் எனக்குக் காது குத்தினார்கள். நான் குளத்துக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

சங்கிலி ஆள் | ஞாயிறு, பிற்பகல் 2.30

தம்பி, பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன் சொல்கிறேன்.

படத்தின் ஓரத்தில் இருக்கும் அட்சரேகையும் உங்கள் செல்போன் காட்டுகிற அட்சரேகையும் ஒன்றல்ல. பூமி உருண்டை அல்ல, துருவத்தில் சற்றுத் தட்டை. எவ்வளவு தட்டை என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் படம் வரைய முடியும். நம் பழைய படங்கள் எல்லாம் 1830-இல் எவரெஸ்ட் போட்ட கணக்கின்மேல் நிற்கின்றன. மலைக்குப் பெயர் வைத்தார்களே, அதே ஜார்ஜ் எவரெஸ்ட். செல்போனுக்கு வேறு கணக்கு. இரண்டையும் அப்படியே ஒட்டினால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேலேயே விலகும். உங்கள் குளம் தென்கிழக்கே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே நாற்பது வீடு குளத்துக்குள் வந்ததும் அதனால்தான்.

கோடுகளை நம்பாதீர்கள், கல்லை நம்புங்கள். அன்றும் இன்றும் அசையாத மூன்று நான்கு இடங்களை எடுங்கள்: பழைய கோயில், மூன்று சாலை கூடும் இடம், முக்கோணக் குறி போட்ட குன்று. அவற்றைப் பொருத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொன்று. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 63 மீட்டர். அச்சுக்கோட்டின் தடிமன் மட்டுமே இருபது, முப்பது மீட்டர் தின்னும். ஒரு வீடு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று அந்தக் கோட்டை வைத்துச் சொல்கிறவன் சர்வேயர் இல்லை, குடுகுடுப்பைக்காரன். அதற்குக் கிராம வரைபடமும் புல வரைபடமும் நில விவரம் எழுதிய 'அ' பதிவேடும் இருக்கின்றன. டோப்போ ஷீட் வேறு வேலைக்கு.

கலுங்கடிக்காரன் | ஞாயிறு, இரவு 9.48

ஐயா, வெட்கமாக இருக்கிறது. ஒன்றைத் தட்டச்சு செய்யும் முன் யாரையாவது கேட்டிருக்க வேண்டும். அந்த நாற்பதில் ஒன்று என் மாமனார் வீடு என்பதையும் இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சிவன் கோயில், சாவடி முன் முச்சந்தி, வடக்கே குன்றின் உச்சி மூன்றையும் வைத்துப் பொருத்தினேன். படம் முழுவதும் வடமேற்கே நகர்ந்தது. நாற்பது வீடும் வெளியே வந்துவிட்டன. கல்யாண மண்டபமும் வெளியே, வெயிலான் தம்பியின் காது உலர்ந்த தரையில்தான் குத்தப்பட்டது.

ஆனால் பஸ் நிலையம் இப்போது பாதி அல்ல, முழுதாகக் குளத்தின் உள்வாயில், தண்ணீர் நிற்கும் பகுதியில் இருக்கிறது. பள்ளி மைதானத்தின் கீழ்ப்பாதியும். நான் எதிர்பார்க்காதது ஒன்று: குளத்தின் கரை எங்கள் கடைவீதியின்மேல் அச்சாக உட்கார்ந்துவிட்டது. எங்கள் கடைவீதி ஏன் நேராக இல்லாமல் வளைந்து போகிறது என்று எல்லோரும் கேலி செய்வோம். சாலை போட்டவன் கள் குடித்திருந்தான் என்று என் தாத்தா சொல்வார். அவன் குடிக்கவில்லை. கரைமேல் நடந்த பாதையைத்தான் தார்ச்சாலையாக்கியிருக்கிறார்கள்.

கரையோரம் 9 என்று ஓர் எண், அதையடுத்து ஒரு சிறு ஆங்கில எழுத்து. அது என்ன?

சங்கிலி ஆள் | திங்கள், காலை 6.15

அது கடல் மட்டத்திலிருந்து உயரம் அல்ல. பக்கத்துத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்கான குறி. கரைக்குப் போட்டால் கரையின் உயரம், கிணற்றுக்குப் போட்டால் ஆழம். பழைய படம் என்றால் அடிக்கணக்கு. உங்கள் கரை ஒன்பது அடி.

இந்த எண் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் உங்கள் ஊரின் மேடு பள்ளமே தெரியாது. அந்த வரிசைப் படங்களில் சம உயரக்கோடு 50 அடிக்கு ஒன்று. அழகர்மலைப் பக்கம் கோடுகள் நெருக்கித் தள்ளும். சமவெளிக்கு வந்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் நாலைந்து ஊர் படுத்துத் தூங்கும். நம் மண்ணில் தண்ணீர் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு முழம், இரண்டு முழ வித்தியாசம். அதை அந்தக் கோடுகள் சொல்லாது, கண்மாய்க் கரைகள் சொல்லும். கரை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பள்ளம். படத்தில் எல்லாக் கரையும் எந்தப் பக்கம் முதுகு காட்டுகின்றன என்று பாருங்கள்.

கடைவீதியின் மேற்குப் பக்கக் கடைகளில் பின்வாசல் இருக்கிறதா? படி இருக்கிறதா?

கலுங்கடிக்காரன் | திங்கள், காலை 8.50

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மளிகைக் கடையில் முன்பக்கம் சாலையோடு சமமாக நுழைந்தால் பின்பக்கம் பஸ் நிலையத்துக்கு இறங்க ஏழு படி. பாத்திரக்கடையில் ஆறு. தையற்கடையில் படி இல்லை, மர ஏணி. கிழக்குப் பக்க வீடுகளிலும் அப்படியே, பின்புறம் பள்ளம். ஊரே ஒரு கரையின் முதுகில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது. இந்தப் படிகளில் நான் சிறுவயதில் கோலி விளையாடியிருக்கிறேன்.

கரைகள் எல்லாம் முதுகு காட்டுவது தென்கிழக்கே, ஐயா. ஒன்றுவிடாமல்.

மேலமாசி | திங்கள், முற்பகல் 11.20

மதுரைக்காரனாக ஒரு வார்த்தை. தெரு என்பது பழையதின் எலும்பு என்பதற்கு எங்கள் ஊரைவிட நல்ல சாட்சி கிடையாது. நாலு வெளி வீதிகளும் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வந்தவை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்து வேலை. பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி எல்லாம் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான். மாரட் ஒரு சர்வேயர் என்பதைச் சங்கிலி ஐயா அறிந்திருப்பார். வேறு எந்தச் சர்வேயருக்காவது மீனாட்சி கோயில் பக்கத்தில் தெரு கிடைத்திருக்கிறதா?

தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், கோசாகுளம், உலகனேரி. பெயரில் இருக்கும் நீரை எண்ணினாலே ஒரு வரைபடம் வந்துவிடும். உங்களுக்குக் கலுங்கடி, எங்களுக்கு இவை.

படம் கிடைக்காதவர்களுக்கு: 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு இந்திய நில அளவைத் துறை பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டது. பொதுமக்களுக்கானது ஒன்றுக்கு ஐம்பதாயிரம் அளவு. பழையது பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிட்ட ஒன்றுக்கு இரண்டரை லட்சம் அளவு வரிசை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் மேலூர் தெரியும். கலுங்கடி தெரியாது.

வெயிலான் | திங்கள், பிற்பகல் 1.10

ஆண்டை எலி தின்றுவிட்டது என்றால் இது எந்தக் காலத்துப் படம் என்று எப்படித் தெரியும்? நேற்றைக்கு அச்சடித்து டீத்தண்ணீரில் நனைத்து விற்றிருந்தால்?

சங்கிலி ஆள் | திங்கள், மாலை 5.40

நல்ல கேள்வி. படத்தையே கேட்க வேண்டியதுதான். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரைக் கொண்டுவரும் பெரியாற்றுக் கால்வாய் இருக்கிறதா? இருந்தால் 1895-க்குப் பிறகு. கிழக்கே சிங்கம்புணரிப் பக்கம் எந்த மாவட்டம் என்று அச்சிட்டிருக்கிறது? ராமநாதபுரம் என்றிருந்தால் 1910-க்குப் பிறகு, அந்த வருடம்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களில் வெட்டி எடுத்து அதை உண்டாக்கினார்கள். மைலும் அடியும் இருப்பதால் மீட்டர் கணக்கு வருவதற்கு முன்னால்.

கலுங்கடிக்காரன் | திங்கள், மாலை 6.02

கால்வாய் இருக்கிறது. ராமநாதபுரம் என்றும் இருக்கிறது. அப்படியானால் குளத்தைக் கொன்றது பெரியாற்றுத் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். கால்வாய் வந்த பிறகு மழைநீர்க் குளம் யாருக்கு வேண்டும்?

ஒருபோகம் | திங்கள், இரவு 8.25

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பெரியாற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிறவன் நான். ஊர் மேலூருக்குக் கிழக்கே.

பேரணையில் பிரிகிற பிரதானக் கால்வாய் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். அரசு ஆணையில் வருடா வருடம் இதே எண்கள்தான் வரும், எனக்கு மனப்பாடம். மேலே இருப்பவர்களுக்கு இரண்டு முறை, அதைப்போல இரண்டு பங்கு நிலம் இருக்கும் எங்களுக்கு ஒரு முறை, அதுவும் அணையில் இருந்தால். அப்படி வருகிற தண்ணீரை எங்கே நிறுத்தி வைப்பது? கண்மாயில். கால்வாய் கண்மாயைக் கொல்லவில்லை தம்பி. எங்கள் பக்கத்தில் கண்மாய் இல்லாமல் கால்வாய்க்கு வேலையே இல்லை. கடைமடைக்காரனுக்குக் கண்மாய்தான் வங்கிக் கணக்கு.

1808-இல் கால்டுவெல் என்ற கேப்டன் மலையேறிப் பார்த்துவிட்டு பெரியாற்றை இந்தப் பக்கம் திருப்பும் திட்டமே நடவாத கனவு என்று எழுதிவிட்டுப் போனார். தண்ணீர் வர இன்னும் எண்பத்தேழு வருடம் ஆனது. அத்தனை வருடமும், அதற்கு முன்னாலும், இந்தப் பூமியில் சோறு போட்டது உங்கள் கலுங்கடிக் குளம் மாதிரி ஏந்தல்களும் குளங்களும்தான். அதன் சாவுக்கு வேறு காரணம் தேடுங்கள். வரத்துக்கால் எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்.

கலுங்கடிக்காரன் | செவ்வாய், காலை 7.30

வடமேற்கிலிருந்து நீலக் கோடு ஒன்று வருகிறது, துண்டு துண்டாக. நம் நெடுஞ்சாலையின் பழைய தடத்தைக் குறுக்கே கடந்து குளத்துக்குள் விழுகிறது. கடக்கும் இடத்தில் பாலக்குறி ஒன்று. குளத்தின் பெயரும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதியதைத் தமிழாக்கினால் பனைக்குளமா, பண்ணைக்குளமா, பானைக்குளமா என்று தெரியவில்லை. கரையில் பனை இருப்பதால் பனைக்குளம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

வெயிலான் | செவ்வாய், காலை 7.44

பன்றிக்குளமாகவும் இருக்கலாம். இப்போதைய நிலவரப்படி அதுதான் பொருத்தம்.

கீழத்தெரு | செவ்வாய், இரவு 10.15

நானும் அதே ஊர்தான். படத்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

படத்தில் ஊர் இரண்டு துண்டாக இருக்கிறது. பெரிய துண்டு கரைக்கு வடக்கே, கோயிலைச் சுற்றி மேட்டில். சின்னத் துண்டு கரைக்குக் கிழக்கே, கலுங்கு வழிகிற ஓடைக்குப் பக்கத்தில், தனியாக. பதினைந்து, இருபது சிவப்புப் புள்ளிகள். அதற்குப் பெயர் எழுதவில்லை. அது எங்கள் தெரு. குளம் மிஞ்சினால் முதலில் நனையும் இடத்தில் எங்களை வைத்திருந்தார்கள் என்பதைப் படம் வார்த்தை இல்லாமல் சொல்கிறது.

கிணற்றைப் பாருங்கள். கோயில் பக்கம் ஒன்று, எங்கள் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று. இரண்டுக்கும் ஒரே குறி. வரைந்தவருக்குக் கல் கட்டிய கிணறு என்றால் கல் கட்டிய கிணறு, அவ்வளவுதான். ஊரில் அப்படி இருக்கவில்லை. எங்கள் கிணறு வற்றிய கோடையில் என் அப்பத்தா மேட்டுக் கிணற்றுக்குப் போய், யாராவது மனம் இரங்கிக் குடத்தில் ஊற்றும்வரை ஓரமாக நின்றதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். படத்தில் இரண்டு கிணற்றுக்கும் நடுவில் கால் அங்குலம்கூட இல்லை. அதை நடந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்பத்தாவைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கண்டுபிடிப்பைக் குறை சொல்லவில்லை. குளத்தைத் தேடும்போது இதையும் பார்த்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கலுங்கடிக்காரன் | செவ்வாய், இரவு 11.50

பார்க்கவில்லை. ஒரு வாரமாக அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் புள்ளிகள்மேல் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் கரையை அளந்திருக்கிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஒருபோகம் | புதன், காலை 5.55

வெள்ளலூர் நாடு போல, பல ஊர்கள் சேர்ந்து இங்கே இருக்கும் நாடுகளின் எல்லைகளும் எந்தச் சர்வே படத்திலும் கிடையாது. எந்த மரியாதை எந்த ஊருக்கு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கோடு போட்டவனுக்குத் தெரியாத கோடுகளில்தான் நம் ஆட்கள் வாழ்கிறார்கள். கீழத்தெருத் தம்பி சொன்னது சரி.

பாறைக்குழி | புதன், காலை 9.30

என் ஊர் கீழவளவுப் பக்கம். என் பங்குக்கு ஒன்று: உங்கள் படத்தின் தெற்கு ஓரத்தில் உயரம் எழுதிய சிறு பாறைக்குன்றுகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்று இப்போது இல்லை. இருந்த இடத்தில் சதுரமாக வெட்டிய பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அழகான நீல நிறம். நூறு வருடம் கழித்து ஒருவன் இன்றைய படத்தைப் பழைய காகிதக் கடையில் வாங்கி, இங்கே ஒரு கண்மாய் இருந்திருக்கிறது என்று இழை தொடங்குவான். கிரானைட் குவாரிகளைப் பற்றி விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை நியமித்ததும், அவர் ஊர் ஊராக நடந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அரிட்டாபட்டி, டங்ஸ்டன் எல்லாம்...

பொறுப்பாளர் | புதன், காலை 9.52

அரிட்டாபட்டிக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போகலாம். இங்கே குளம்.

பழைய டீச்சர் | புதன், மாலை 4.20

என் பேரன் இந்த இழையைப் படித்துக் காட்டினான். கலுங்கடிப் பள்ளியில் படித்து, அங்கேயே முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். பேரன் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் அவனுடையது.

பனைக்குளமும் இல்லை, பண்ணைக்குளமும் இல்லை. எங்களுக்கு அது வெறும் குளம். ஊரில் ஒன்றே இருந்தால் பெயர் எதற்கு? படம் எழுத வந்தவர் பெயர் கேட்டிருப்பார், யாரோ வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அதில் தண்ணீர் பார்த்திருக்கிறேன். கலுங்கு மேல் ஏறி நின்று துண்டில் கெண்டைக் குஞ்சு பிடிப்போம். கலுங்கில் மூன்று கல், நடுக்கல்லில் மீன் செதுக்கியிருக்கும். பிறகு மெயின் ரோட்டை உயர்த்தினார்கள். மண் கொட்டி, ஜல்லி கொட்டி, ஆள் உயரம் ஆக்கினார்கள். அடியில் இருந்த பாலம் சின்னதாகிக் குழாயானது, குழாயில் மண் அடைத்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ரோடு உயர்ந்ததற்கு நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மழைக்காலத்தில் மேலூருக்கு பஸ் போனது. அடுத்த இரண்டு மூன்று வருடம் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை. பையன்கள் உள்ளே கபடி ஆடினார்கள். நான் டீச்சராக வந்தபோது அது பள்ளி மைதானம். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டதே நான்தான். அப்புறம் ஒரு பாதியில் பஸ் நிலையம் வந்தது. குளத்தைத் தின்றுவிட்டார்கள் என்று முதலில் எழுதியிருந்தாய் அல்லவா? என் பெயரையும் சேர்த்துக்கொள்.

சங்கிலி ஆள் | புதன், மாலை 6.35

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். எல்லாம் பொருந்திவிட்டது. வரத்து அடைபட்டதால் குளம் செத்தது. போக்கு அடைபட்டதால் பஸ் நிலையம் நனைகிறது. மேற்கிலிருந்து சொட்டுத் தண்ணீர் வராவிட்டாலும், ஊருக்குள் பெய்கிற மழை அந்தக் கிண்ணத்தில்தான் இறங்கும். முன்பு கலுங்கு வழியாக வெளியேறியிருக்கும். இப்போது கலுங்கு எங்கே?

வெயிலான் | புதன், மாலை 6.41

டீக்கடைக்கு அடியில். பந்தயம்.

நிழல்கூடு | வியாழன், காலை 10.05

எல்லாம் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன பயன்? பஸ் நிலையத்தை இடித்துக் குளம் வெட்டப் போகிறார்களா? 2007-இல் கண்மாய் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்ததே, அதைக் காட்டி வழக்குப் போடலாமே.

சங்கிலி ஆள் | வியாழன், முற்பகல் 11.30

அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் கண்மாய்களுக்கு. நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாய்கிற சின்னக் குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இந்தக் குளத்துக்கு ஆயக்கட்டே, அதாவது பாய்கிற நிலமே, இன்றைக்கு இல்லை. வழக்குப் போட்டால் வக்கீலுக்குத்தான் பாசனம்.

இடிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். தண்ணீர் போக ஒரு வழி இருந்திருக்கிறது. அந்த வழியில் ஒரு வடிகால் கேட்டு மனு கொடுங்கள். ஆனால் கீழத்தெருத் தம்பி சொன்னதை மறந்துவிட்டு வடிகாலைத் திறந்தால், பஸ் நிலையத்துத் தண்ணீரை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவீர்கள். ஓடை இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று முதலில் அவரோடு சேர்ந்து நடந்து பாருங்கள்.

கலுங்கடிக்காரன் | ஞாயிறு, இரவு 8.10

இன்று கீழத்தெரு நண்பரும் நானும் நடந்தோம். நான்கு மணி நேரம். இத்தனை வருடம் ஒரே ஊரில் இருந்தும் அவர் வீட்டில் இன்றைக்குத்தான் தண்ணீர் குடித்தேன்.

ஓடை படத்தில் இருக்கும் அதே தடத்தில் இருக்கிறது. மேலே இருபத்திரண்டு அடி, தெருவை ஒட்டி ஏழு அடி, அதற்குக் கீழே சீமைக்கருவேலம், பிறகு மறுபடி பதினெட்டு அடி. ஏழடி இடத்தை அகலப்படுத்தாமல் மேலே எதையும் திறக்கக் கூடாது என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது. மனுவில் முதல் கோரிக்கை அதுதான். அவர் எழுதினார், நான் படியெடுத்தேன்.

டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு நீளக் கல்லைப் பல வருடமாகத் துவைகல்லாக வைத்திருக்கிறார். புரட்டிக் காட்டச் சொன்னோம். நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். அடிப்பக்கத்தில் மீன். வெயிலான் தம்பிக்கு ஒரு டீ கடன்.

வெயிலான் | ஞாயிறு, இரவு 8.13

சர்க்கரை கம்மி.

பழைய டீச்சர் | திங்கள், காலை 9.00

நடுக்கல் அதுதான். வாலில் ஒரு மூலை உடைந்திருக்கும், பாருங்கள். உடைத்தது என் அண்ணன். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒன்று அனுப்பு. என் கண்ணுக்குச் செல்போனில் தெரியவில்லை.

கலுங்கடிக்காரன் | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 6.20

நேற்று இரவு நல்ல மழை. ஐந்து மணிக்கே போய்விட்டேன். பஸ் நிலையத்தில் தண்ணீர் நின்ற விளிம்பு முழுவதும் சுண்ணாம்பால் கோடு போட்டு, டேப் பிடித்து அளந்து, கடைவீதிப் படிகளில் எத்தனையாவது படிவரை வந்தது என்றும் குறித்தேன். மளிகைக் கடையில் இரண்டாவது படி. பழைய படத்தின்மேல் ஒட்டியிருக்கிறேன், கீழே பாருங்கள். கிழக்கும் தெற்கும் அப்படியே படிகிறது. மேற்கில் மட்டும் சிறிது விலகுகிறது.

சங்கிலி ஆள் | சனி, காலை 7.05

மேற்கில் ஆட்டோ நிறுத்தத்துக்குப் பின்னால் அளக்காமல் விட்டுவிட்டீர்கள். கோடு அங்கே நேராகப் போகிறது. தண்ணீர் நேராக நிற்காது. வடிவதற்குள் போய் மறுபடி அளந்துவிட்டு வாருங்கள்.